யாரது?

2014 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்துக்குள் ஒரு கழிவறைக் கதவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மரக்கதவு. பெயர்ந்துபோன பலகைகளை இருந்த இடத்தில் திரும்பப் பொருத்தியிருந்தார்கள். வல்லுநர்கள் அதன் முன் நின்றும் மண்டியிட்டும், கதவை உடைத்த கிரிக்கெட் மட்டையை ஓங்கிக் காட்டியும், எந்த அடி எந்த உயரத்திலிருந்து விழுந்தது என்று நீதிபதிக்கு விளக்கினார்கள். உலகத்தின் பாதி அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. கதவில் நான்கு ஓட்டைகள் இருந்தன. விரல் நுழையும் அளவுதான் ஒவ்வொன்றும்.

அந்த ஓட்டைகளைப் போட்டவர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் இல்லாதவர். கார்பன் இழைத் தகடுகளைக் கட்டிக்கொண்டு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடியவர். 2013 பிப்ரவரி 14, விடியற்காலை மூன்று மணி தாண்டிய நேரம். குளியலறைப் பக்கம் சத்தம் கேட்டது, திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்தேன், கட்டிலுக்கு அடியில் இருந்த கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு செயற்கைக் கால்கள்கூட இல்லாமல் போனேன், மூடிக்கிடந்த கதவின் வழியாகச் சுட்டேன் என்றார் அவர். சுடுவதற்கு முன் திருடனை வெளியே போகச் சொல்லிக் கத்தியதாகவும், படுக்கையில் இருப்பதாக நினைத்த காதலியிடம் போலீசுக்குப் போன் செய்யச் சொன்னதாகவும் சாட்சி சொன்னார். காதலியிடமிருந்து பதில் வரவில்லை. பதில் வருமா என்று அவர் நின்று கேட்கவும் இல்லை. கதவுக்குப் பின்னால் இருந்தவரே அந்தக் காதலி, ரீவா ஸ்டீன்காம்ப்.

அரசுத் தரப்பு வேறொரு கதை சொன்னது. இருவருக்கும் சண்டை, கோபத்தில் சுட்டார் என்றது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாமும் அந்தச் சர்ச்சைக்குள் போக வேண்டியதில்லை. அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நம்மைத் தூங்கவிடாத கேள்வி அவர் சொன்ன கதைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அஞ்சுகிற ஒருவன், தன் வீட்டில், தன் உயிரைக் காக்கவென்று சட்டப்படி வாங்கி வைத்த ஆயுதத்தை எடுக்கிறான். அந்த நொடியிலிருந்து அவன் யாருக்கெல்லாம் கடன்பட்டவன் ஆகிறான்?

அந்த வழக்கில் பெரிதாகப் பேசப்படாமல் போன ஒரு சாட்சியம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் துப்பாக்கி உரிமம் வாங்க எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். பிஸ்டோரியஸும் எழுதியிருந்தார். வீட்டுக்குள் திருடர்கள் புகுந்து பொருளை எடுத்துப் போகிறார்கள், உங்கள் உயிருக்கு ஆபத்து இல்லை, சுடலாமா என்ற வகைக் கேள்விகள். கூடாது என்று சரியாகவே பதில் எழுதியிருந்தார். அந்த விடைகள் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன. பகல் வெளிச்சத்தில், மேசைமேல் தாளை வைத்துக்கொண்டு, பேனா பிடித்த கையால் எழுதிய விடைகள்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தவை எல்லாம் அந்த அதிகாலையில் அவரோடு எழுந்துவரவில்லை, அவ்வளவுதான். நாம் யாரும் இதற்கு விதிவிலக்கு என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? அறிவு பகலில் சம்பாதிக்கப்படுகிறது; செலவழிக்க வேண்டிய நேரமோ பெரும்பாலும் இரவாக இருந்துவிடுகிறது.

நம் பக்கத்துக் கிராமங்களில் திண்ணையில் படுத்திருக்கும் கிழவரைப் பார்த்திருப்போம். கையெட்டும் தூரத்தில் ஒரு கம்பு, தலைமாட்டில் ஒரு டார்ச் லைட். நள்ளிரவில் படலை அசையும் சத்தம் கேட்டால் அவர் முதலில் கம்பைத் தேடுவதில்லை. தொண்டையைச் செருமுகிறார். பிறகு, "யாரது?" பதில் இல்லை. கொஞ்சம் உரக்க, "யாருப்பா அது?" அதற்குள் உள்ளே விளக்கு எரிகிறது, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, எதிர்வீட்டிலும் ஒருவர் இருமுகிறார். வந்தது திருடனாக இருந்தால் இதற்குள் ஓடியிருப்பான். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வந்த மருமகனாக இருந்தால், "நான்தான் மாமா" என்பான்.

இந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை அறம் அடங்கியிருக்கிறது என்று நான் வியந்ததுண்டு. அது எச்சரிக்கை, நான் விழித்திருக்கிறேன் என்ற அறிவிப்பு. அது அழைப்பு, சுற்றியிருப்பவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது கேள்வி. இருட்டில் நிற்கும் உருவத்துக்கு ஒரு பெயர் இருக்கக்கூடும், அந்தப் பெயரைச் சொல்ல அதற்கு ஓர் அவகாசம் உண்டு என்று கேட்பவன் ஒப்புக்கொள்கிறான். பிரிட்டோரியாவில் நடந்ததில் கூச்சல் இருந்தது, கட்டளை இருந்தது. கேள்வியும் பதிலுக்கான இடைவெளியும் இல்லை.

கிழவரைப் போற்றிப் பேசுவது எளிது, அவர் கையில் இருப்பது கம்பு என்பதால். கம்பு ஓங்கியவன் எதிராளியின் முகத்துக்கு அருகே போயாக வேண்டும். அருகே போகும்போது முகம் தெரிகிறது. கை தயங்கவும் நேரம் கிடைக்கிறது. துப்பாக்கி அந்தத் தூரத்தையும் அந்த நேரத்தையும் ஒன்றாக விழுங்கிவிடுகிறது. முகம் தெரிவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடும்படி செய்வதே அதன் சாமர்த்தியம். மூடிய கதவைத் துளைத்துக்கொண்டு போகிற ஒரு கருவி, முகம் பார்த்துச் செயல்படுவதற்காக நமக்கு இயற்கை கொடுத்த எல்லாத் தடைகளையும் துளைத்துக்கொண்டுதான் போகிறது. கருவி பறித்துக்கொண்ட அந்த அவகாசத்தைக் கருவியை வைத்திருப்பவர் தம் மனத்திலிருந்து எடுத்துத் திருப்பித் தர வேண்டும். வேறு எங்கிருந்தும் அது வரப்போவதில்லை.

நம் நாட்டில் துப்பாக்கி உரிமம் கிடைப்பது அரிது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதை ஓர் உரிமையாகவே வைக்கவில்லை. மனு, விசாரணை, போலீஸ் அறிக்கை, பிறகு அதிகாரியின் முடிவு. 2019இல் வந்த திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் குஷிக்காக வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினாலும் இரண்டு ஆண்டு வரை சிறை என்றது. தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவதை எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம். ஊர் கொதிக்கும் என்று அரசு கருதும் நாட்களில், தற்காப்பு ஆயுதம் அரசின் காப்பில் இருக்க வேண்டும்! சிலருக்கு இது முரணாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் ஆயுதம் இருக்கும்போது கொதிப்பு எந்தப் பக்கம் சாயும் என்று அதை வைத்திருப்பவருக்கே தெரியாது என்பதை நிர்வாகம் தன் நடைமுறையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது.

பலர் மயங்கும் இடம் ஒன்று உண்டு. உரிமம் கொடுத்தாயிற்று, இனி ஆபத்து வந்தால் சுடலாம் என்று நினைப்பது. உரிமம் வைத்திருப்பதற்குத்தான். சுடலாமா என்ற கேள்விக்கு ஆயுதச் சட்டத்தில் பதில் இல்லை. பதில் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. அங்கே உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரருக்கும் உலக்கையைத் தூக்கிய பாட்டிக்கும் ஒரே அளவுகோல்தான். தன் உடலையும் பிறர் உடலையும், தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. அரசு அலுவலர்களின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. காப்பதற்குத் தேவைப்படுவதைவிட ஒரு பிடி அதிகத் தீங்குக்கும் அதில் இடம் இல்லை. உயிர்போகும், அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம் போன்ற, சட்டம் எண்ணிச் சொன்ன சில தருணங்களில் மட்டுமே அது எதிராளியின் உயிர் வரை நீளும். அச்சம் தொடங்கும்போது தொடங்குகிறது. அச்சம் தீர்ந்த நொடியில் தீர்ந்துவிடுகிறது. ஓடுகிறவன் முதுகில் சுட்டவர் எந்தச் சட்டத்தின் நிழலிலும் ஒதுங்க முடியாது.

சட்டம் கல்நெஞ்சமும் அல்ல. உயிருக்குப் போராடுகிறவன் தராசை எடுத்து அடிக்கு அடி நிறுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதை நம் நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கின்றன. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையின் நெறிகளையெல்லாம் தொகுத்துச் சொன்னபோதும், தாக்கப்படுகிறவன் கோழையைப் போல ஓடியாக வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை என்ற கருத்தையே மீண்டும் நிலைநிறுத்தியது. அச்சத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்த சட்டம், ஒரே ஒரு அடைமொழியை மட்டும் விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருக்கிறது: நியாயமான அச்சம். அந்த அடைமொழிதான் பிரிட்டோரியாவின் கதவு.

விசாரணை நீதிபதி பிஸ்டோரியஸின் அச்சம் உண்மையானது என்று நம்பினார். ஆனாலும், பொறுப்புள்ள ஒருவர் காவலாளிகளை அழைத்திருப்பார், பால்கனிக்குப் போய் உதவி கேட்டுக் கத்தியிருப்பார் என்று சொல்லி, கவனக்குறைவால் உயிர்போக்கிய குற்றத்துக்கு ஐந்து ஆண்டு சிறை விதித்தார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2015 டிசம்பர் 3 அன்று புளூம்ஃபொன்டெயினில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலைக் குற்றம் என்று மாற்றியது. அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தில் ஒரு கடுமையான எளிமை இருக்கிறது. கழிவறை மிகச் சிறியது. உள்ளே இருப்பவர் ஒதுங்க இடமில்லை. அங்கே நான்கு முறை சுடுகிறவருக்கு, உள்ளே இருப்பவர் செத்துப்போகலாம் என்று தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் சுட்டார். உள்ளே இருப்பவர் கையில் ஆயுதம் இருக்கிறதா, தாக்க வருகிறாரா என்று எதுவுமே அறியாமல் சுட்டார். உள்ளே இருந்தவர் காதலியா திருடனா என்பது அந்தக் குற்றத்தின் தன்மையை மாற்றாது.

கடைசி வாக்கியத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அந்தச் செய்தியைப் படித்த நம்மில் பெரும்பாலோர் அன்று என்ன நினைத்தோம்? ஐயோ, திருடன் என்று நினைத்துக் காதலியைச் சுட்டுவிட்டானே என்றுதான். உள்ளே இருந்தவன் உண்மையிலேயே திருடனாக இருந்திருந்தால்? செய்தி நான்காம் பக்கத்தில் வந்திருக்கும். நாம் தேநீரை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தைத் திருப்பியிருப்போம். திருடனுக்கும் ஒரு கதவுக்குப் பின்னால் நின்று நடுங்கும் உடம்பு உண்டு என்பதும், அவன் திருட வந்தான் என்பதாலேயே அவன் உயிர் வீட்டுக்காரருக்கு ஈடாகக் கிடைத்துவிடுவதில்லை என்பதும் நம் மனத்தின் சட்டப் புத்தகத்தில் எழுதப்படாமலே இருக்கிறது. ஒரு கதவுக்குப் பின்னால் இருப்பவர் யாராக இருந்தாலும் முதலில் ஒருவர் என்று சொன்ன நீதிபதிகள் நம்மையும் சேர்த்துத்தான் திருத்தினார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, அப்படியானால் ஆயுதமே வேண்டாம், அடி விழுந்தால் வாங்கிக்கொள்வோம் என்று ஒருவர் சொல்லக்கூடும். அதையும் அவ்வளவு சுலபமாக நான் ஏற்க மாட்டேன். அதே தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா அடங்கிய அதே டிரான்ஸ்வாலில், 1908 பிப்ரவரி 10 அன்று ஜோகன்னஸ்பர்க் தெருவில் காந்தியைத் தடியால் அடித்து வீழ்த்தினார்கள். அடித்தவர்கள் அவருடைய கட்சிக்காரர்களாகவே இருந்தவர்கள். ஜெனரல் ஸ்மட்ஸோடு அவர் செய்துகொண்ட சமரசம் துரோகம் என்று கொதித்தவர்கள். உடன் போன தம்பி நாயுடு, டிரான்ஸ்வால் தமிழர்களின் தலைவர், இடையில் புகுந்து தடுக்கப் போய்த் தானும் அடிபட்டார். நினைவு திரும்பியதும் காந்தி, அவர்கள்மேல் வழக்கு வேண்டாம் என்றார்.

பின்னாளில் மூத்த மகன் ஒரு கேள்வி கேட்டார். அன்று நான் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போயிருக்க வேண்டுமா, அல்லது கைபலத்தால் உங்களைக் காத்திருக்க வேண்டுமா? காந்தி சொன்ன பதிலை 1920இல் அவரே எழுதியிருக்கிறார்: வன்முறையைக் கையாண்டாவது என்னைக் காப்பது உன் கடமையாக இருந்திருக்கும் என்று. கோழைத்தனத்துக்கும் வன்முறைக்கும் நடுவே மட்டுமே தேர்வு என்றால் வன்முறையையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன் என்ற கருத்து அந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது. மகனுக்கு அப்படிச் சொன்னவர் தனக்கென்று ஒரு காவலையும் ஏற்கவில்லை. 1948 ஜனவரி 20இல் பிரார்த்தனைத் திடலில் குண்டு வெடித்த பிறகும், வருகிறவர்களைச் சோதனையிட அவர் இசையவில்லை. பத்து நாள் கழித்து என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தற்காப்பின் அறம் எங்கே நிற்கிறது என்பது கொஞ்சம் துலங்குகிறது. பிறருக்காக எழும் கை, தனக்காக எழும் கையைவிடத் தூய்மையானது என்று காந்தியின் கணக்கு சொல்கிறது. வீட்டில் துப்பாக்கி வாங்கி வைப்பவரும் இதைத்தான் சொல்கிறார்: பெண்டாட்டி பிள்ளைகளைக் காக்க வேண்டாமா? காக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெண்டாட்டி பிள்ளைகளே அந்தத் துப்பாக்கிக்கு மிக அருகில் இருப்பவர்கள். திருடன் வருடத்துக்கு ஒருமுறைகூட வரமாட்டான்; அவர்கள் தினமும் அந்த அறையைக் கடந்து போகிறார்கள். பரணில் எதையோ தேடும் ஒன்பது வயதுப் பையன், தேர்வு முடிவு வந்த இரவில் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பெண், குடித்துவிட்டு அண்ணனோடு சொத்துக் கணக்குப் பேசும் தம்பி, எல்லோரும் அந்த ஆயுதத்தின் எல்லைக்குள்தான் வாழ்கிறார்கள். பூட்டும் சாவியும் இதற்காகத்தான். துப்பாக்கியை எந்தப் பெட்டியில் வைக்கிறோம், சாவியை எங்கே வைக்கிறோம் என்பது பராமரிப்பு விஷயம் போலத் தோன்றும். அது முழுக்க முழுக்க ஒழுக்க விஷயம். வைத்திருப்பவர் தூங்கும்போதும், வெளியூர் போயிருக்கும்போதும், செத்துப்போன பிறகும் அந்தப் பொறுப்பு விழித்துக்கொண்டிருக்கிறது.

அந்த அதிகாலைக்கு ஒரு மாதம் முன்பு நடந்த ஒரு சிறு சம்பவமும் பிஸ்டோரியஸ் வழக்கில் சேர்க்கப்பட்டிருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் ஓர் உணவகம். நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கைத்துப்பாக்கி மேசைக்கு அடியில் கைமாறுகிறது. பிஸ்டோரியஸ் கையில் இருக்கும்போது வெடித்துவிடுகிறது. தரையில் பாய்ந்தது, யாரும் சாகவில்லை. நான் சுட்டேன் என்று சொல்லாதே, பழியை நீ ஏற்றுக்கொள் என்று துப்பாக்கியின் சொந்தக்காரரான நண்பரைக் கேட்டுக்கொண்டார். நண்பர் ஏற்றுக்கொண்டார். பின்னால் நீதிமன்றத்தில் உண்மை வந்தது. அந்தக் குற்றத்துக்கும் தண்டனை விதித்து நிறுத்திவைத்தார்கள். எனக்கு இந்தச் சம்பவம் கதவைவிட அதிகம் உறுத்துகிறது. அதிகாலை இருட்டு அங்கே இல்லை, பயம் இல்லை. நடந்ததற்கு நானே பொறுப்பு என்று சொல்ல ஒரு மதிய நேரம் முழுக்க இருந்தது. வெளிச்சத்தில் ஏற்காத பொறுப்பை இருட்டில் ஒருவர் எப்படி ஏற்பார்?

புறநானூற்றில் ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன கதையை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைப் பெருமையோடு காட்டுகிறான். ஆயுதங்களுக்கு மயிற்பீலி சூட்டி, மாலையிட்டு, நெய் பூசி வைத்திருக்கிறார்கள். எங்கள் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொல்கிறார். போர் அறியாதவன் என்று அவனைக் கிண்டலடித்த அந்தப் பாட்டைப் படித்து எல்லோரும் சிரிக்கிறோம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த பிறகு எனக்குத் தொண்டைமான் மீது ஒரு பரிவு பிறந்துவிட்டது. போர்க்களத்து வீரத்துக்கு ஔவை சொன்னது பொருந்தும். தற்காப்புக்கென்று ஆயுதம் வைத்திருக்கும் குடிமகனுக்குத் தொண்டைமானின் கொட்டில்தான் வாய்க்க வேண்டும். நெய் பூசியபடி, பூச்சூடியபடி, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு, ஒரு தலைமுறை முழுக்க ஒன்றும் செய்யாமல் இருந்து, பிறகு துருப்பிடித்தாலும் சரி, அந்த ஆயுதம் தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது என்றே நாம் கொள்ள வேண்டும்.

ஆயுதம் வாங்க நம்மை அனுப்புவது பயம். வாங்கிய பிறகு நம்மிடம் கேட்கப்படுவது பயப்படாமல் இருப்பது. நிராயுதபாணி பதறலாம், கத்தலாம், தப்பாகக் கணிக்கலாம், ஓடிப்போய்த் தெருவில் விழலாம்; அவனுடைய பதற்றத்தால் அதிகபட்சம் அவன் முழங்கால்தான் சிராயும். ஆயுதம் ஏந்தியவருக்கு அந்தச் சலுகைகள் ஒவ்வொன்றாக விலக்கிக்கொள்ளப்படுகின்றன. அவர் மற்றவரைவிட நிதானமாகச் சந்தேகப்பட வேண்டும், மற்றவரைவிட நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும், அவமானத்தை மற்றவரைவிட எளிதாக விழுங்க வேண்டும், குடிக்கும் இடத்துக்கும் சண்டை மூளும் இடத்துக்கும் மற்றவரைவிடத் தொலைவில் இருக்க வேண்டும். பிறர் உயிரைப் பறிக்கும் ஆற்றலைத் தன் இடுப்பில் சேர்த்துக்கொண்ட ஒருவர், அந்த ஆற்றல் சேர்ந்த அளவுக்குத் தன் கோபத்தின் உரிமையையும், தன் அவசரத்தின் உரிமையையும், கடைசியில் தன் அச்சத்தின் உரிமையையுமே ஊருக்கு அடகு வைத்துவிட்டு நடமாடுகிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

தென்னாப்பிரிக்காவின் சட்டம் இந்தக் கடனை ஓரளவு வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. தற்காப்புக்குத் துப்பாக்கி கேட்பவர், அதைத் தவிர வேறு வழியில் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது என்று காட்ட வேண்டும். அந்த நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் 1995இல் மரண தண்டனையை ஒழித்தபோது, தற்காப்பையும் எடுத்துப் பேசியது. பிணைக் கைதியைக் கொல்லப் போகிறவனைக் கொன்று கைதியைக் காப்பதைச் சட்டம் ஏற்கிறது; அதே ஆளைப் பிடித்து ஆயுதத்தைப் பறித்துவிட்ட பிறகு அவன் உயிரும் மற்ற உயிர்களைப் போல ஓர் உயிர் என்பதே அதன் சாரம். குற்றம் நிரூபிக்கப்பட்ட கொலைகாரனின் உயிரைக்கூட எடுக்கும் அதிகாரம் எனக்கு வேண்டாம் என்று ஓர் அரசு, இத்தனை நீதிபதிகளும் இத்தனை மேல்முறையீடுகளும் இருந்தும், தன் கையைக் கட்டிக்கொண்ட தேசத்தில், ஒரு தனிமனிதர் தூக்கம் கலையாத கண்களோடு, குற்றப்பத்திரிகையும் சாட்சியும் வாதமும் இல்லாமல், ஒரு கதவைப் பார்த்து ஒரே கணத்தில் அந்தத் தீர்ப்பை எழுதிவிட முடிகிறது என்பதை நினைக்கும்போது, தற்காப்பு உரிமை என்று நாம் சாதாரணமாகச் சொல்லிப்போகும் அந்தச் சொல்லுக்குள் ஒரு முழு நீதிமன்றமே ஒடுங்கிக் கிடக்கிறது என்பதும், ஆயுதம் வாங்கும் ஒவ்வொருவரும் அந்த நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் தண்டனையை நிறைவேற்றுபவராகவும் ஒரே நாளில் பதவியேற்கிறார் என்பதும், அந்தப் பதவிக்குத் தகுந்த பொறுமையைச் சம்பாதிக்க ஒரு வாழ்நாள் போதுமா என்ற கேள்வியும் நம் முன் எழுகின்றன.

நம் சட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரைவை 1837இல் முடித்த மெக்காலேயின் குழு, இந்நாட்டு மக்களின் தற்காப்புக்குத் தடைமேல் தடை போடுவதைவிட எதிர்த்து நிற்கும் துணிவை வளர்ப்பதே மேல் என்று கருதியது. (பிறகு 1878இல் வந்த ஆயுதச் சட்டம் வெள்ளையருக்கு விலக்கு கொடுத்துவிட்டு நம் மக்கள் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கிக்கொண்டது, துணிவு போதும் என்று நினைத்தார்கள் போலும்.) அந்தத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியபோது, தற்காப்பு பற்றிய பகுதியின் கடைசிப் பிரிவான 106இல் ஒரு காட்சி இடம்பெற்றது. ஒருவரைக் கொல்ல ஒரு கும்பல் வருகிறது. கும்பலை நோக்கிச் சுடாமல் அவர் தப்ப முடியாது. கும்பலுக்குள் சிறு குழந்தைகளும் கலந்து நிற்கிறார்கள். அவர் சுடுகிறார். குண்டு ஒரு குழந்தைமேல் பட்டாலும் அவர் குற்றம் செய்தவர் ஆகமாட்டார்.

குழந்தைகள் அங்கே ஏன் வந்தார்கள் என்று சட்டம் சொல்லவில்லை. சுட்டவர் அன்று இரவு வீட்டுக்குப் போய் என்ன செய்தார் என்பதும் அதில் இல்லை. அது சட்டத்தின் வேலையும் அல்ல. உள்ளூரில் நடந்த எந்த வழக்கிலும் இல்லாத அந்தக் குழந்தைகளை நூற்று அறுபது ஆண்டுகளாகச் சட்டக் கல்லூரி மாணவர்கள் படித்துத் தேர்வெழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 1 அன்று பழைய சட்டம் போய்ப் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பிரிவு 106 இப்போது பிரிவு 44. கும்பலும் துப்பாக்கிக்காரரும் குழந்தைகளும் அப்படியே இருக்கிறார்கள்.